திரு.வி.க.வின் அடக்கமுடைமை

பழைய செங்கற்பட்டு மாவட்டம் கிழக்கே கோவளம் முதலிய கடற்றுறைகளையும், உள்நாட்டில் ஏரி சூழ்ந்த ஊர்கள் பலவற்றையும் உடையது. அம்மாவட்டத்தில் போரூரை அடுத்திருந்த துள்ளம் என்னும் சிற்றூரில், 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள், விருத்தாசல முதலியாருக்கும் சின்னம்மையாருக்கும் மகனாய்த் தோன்றினார் கலியாணசுந்தரனார். துள்ளம் இன்று தண்டலம் என வழங்குகின்றது. முன்னோர் வாழ்ந்த திருவாரூரின் பெயரும் தந்தையார் பெயரும் முன்னெழுத்துகளாக அமைய, அவர் திரு.வி.க. எனப் பெயர் பெற்றார்.

இளமையில் நோயுற்றுக் கைகால் முடங்கியமையால் அவரது பள்ளிப் படிப்பு சில ஆண்டுகள் தடைப்பட்டது. மீண்டும் சென்னை வெஸ்லி பள்ளியிற் சேர்ந்தபோது, யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை அவருக்குத் தமிழாசிரியராய் வாய்த்தார். ஆசிரியர் நாவன்மை மிக்கவர். சைவப் பற்றில் உறுதியானவர். இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என்று கூறலாகாது என வாதிட்டவர்களுள் அவர் முன்னணியில் நின்றார். மறைமலையடிகள் போன்றோர் எதிரணியில் நின்றனர். வாதம் முற்றி நீதிமன்றம் வரை சென்றது. ஆசிரியர் பொருட்டுச் சாட்சி கூறச் சென்ற திரு.வி.க., 1904-இல் தம் இறுதித் தேர்வை எழுத இயலாது போயிற்று. பள்ளிக் கல்வி அத்துடன் முடிந்தது. ஆசிரியர்பால் அவர் வைத்திருந்த பற்று அத்துணைப் பெரிது.

1907-இல் கதிரைவேற்பிள்ளை மறைந்தார். மறு ஆண்டே அவரது வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார் மாணவர். ஆயினும், காலம் செல்லச் செல்ல இராமலிங்க அடிகளின் உள்ளம் திரு.வி.க.வுக்குப் புலனாயிற்று. 1929-இல் 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்னும் நூலை அவர் இயற்றினார். ஆசிரியர் மறுத்ததை மாணவர் போற்றுதல் எளிதன்று. போற்றும்பொழுது ஆசிரியரைப் பழியாதிருத்தல் அதனினும் அரிது. கொள்கை மாறியோர் பலர், தாம் முன்பு பணிந்த பெரியோரை இகழ்ந்தே தம் மாற்றத்தை நிலைநாட்டுவர். திரு.வி.க.வின் நா அவ்வழிச் செல்லவில்லை. ஆசிரியரையும் அடிகளையும் ஒருங்கே நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

1912-இல் கமலாம்பிகை அம்மையாரை அவர் மணந்தார். பெண் கல்வி அருகியிருந்த அந்நாளில், தாமே ஆசிரியராக இருந்து மனைவியாருக்குத் திருக்குறள் முதலிய நூல்களைக் கற்பித்தார். அவ்வில்லறம் ஆறு ஆண்டுகளே நிலைத்தது. பிறந்த மக்கள் இருவரும் இறந்தனர். 1918-இல் அம்மையாரும் மறைந்தார். அப்பொழுது திரு.வி.க.வுக்கு வயது முப்பத்தைந்து. முந்திய ஆண்டின் இறுதியில்தான் ஆசிரியப் பணியை விடுத்துத் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றிருந்தார். அவ்வாண்டு ஏப்பிரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது; அதன் துணைத் தலைவராய் அவர் பணியாற்றி வந்தார். வெளியில் ஆயிரவர் சூழ்ந்திருக்க, வீடு வெறுமையாயிற்று.

மனைவியை இழந்த ஆடவர் விரைவில் மறுமணம் புரிதல் அக்கால வழக்கம். திரு.வி.க. அதற்கு இசையவில்லை, இறுதிவரை தனித்தே வாழ்ந்தார். இது பெண்மையை வெறுத்தவர் மேற்கொண்ட துறவன்று. 1927-இல் அவர் வெளியிட்ட 'பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத்துணை' இல்லறத்தை உயர்த்திப் பேசும் நூலாகும். கைம்பெண்களின் மறுமணத்தையும் அவர் ஆதரித்தார். தமக்கென மேற்கொண்ட நோன்பைப் பிறர்மீது சுமத்தாமை அவரது அடக்கத்தின் தனிச் சிறப்பு. தம்மை அடக்கியாளும் சிலர், அவ்வலிமையைக் கொண்டே வீட்டாரையும் அடக்க முற்படுவது உலகியல் அன்றோ?

நட்பிலும் அவருக்குச் சோதனை வந்தது. ஈரோட்டு ஈ.வெ. இராமசாமிப் பெரியாரும் அவரும் காங்கிரசில் தோளோடு தோள் நின்ற நண்பர்கள். 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் கூடிய தமிழ்நாட்டுக் காங்கிரசு மாநாட்டுக்குத் திரு.வி.க. தலைமை தாங்கினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் பற்றிப் பெரியார் கொணர்ந்த தீர்மானத்தைத் தலைவர் அனுமதிக்கவில்லை. பெரியார் மாநாட்டை விட்டு வெளியேறினார், காங்கிரசையும் துறந்தார். அன்று தலைவர் செய்தது முறையா என்னும் வழக்கு நெடுங்காலம் நீடித்தது. பெரியாரின் 'குடிஅரசு' ஒருபுறமும், திரு.வி.க.வின் 'நவசக்தி' மறுபுறமும் நின்று, இரண்டும் சொற்போர் புரிந்தன. ஒருவர் கடவுளை மறுத்தார். மற்றவர் முருகனை அழகெனக் கண்டு நூல் செய்தார். இவ்வளவு வேற்றுமையிலும் நட்பு முறியவில்லை. ஈரோட்டில் ஆற்றில் நீராடிக் கரையேறிய திரு.வி.க.வுக்குப் பெரியாரே திருநீறு கொண்டுவந்து நீட்டினார் என்னும் செய்தி தமிழ்நாட்டில் இன்றும் வழங்கி வருகின்றது. அடக்கம் ஒருபால் மட்டும் இருந்திருப்பின் அந்நட்பு நிலைத்திராது.

அருட்பாப் போரில் எதிரெதிர் அணியினராய் இருந்த மறைமலையடிகளும் திரு.வி.க.வும், காஞ்சியில் பிரிந்த பெரியாரும், 1948-இல் இந்தி எதிர்ப்புக்காக ஒரே மேடையில் கூடினர். மறைமலையடிகள் அதற்குள் பல்லாவரத்தில் பல்லாண்டு வாழ்ந்து முதுமை எய்தியிருந்தார். மூவரும் தத்தம் கொள்கையைக் கைவிட்டு அங்கு வரவில்லை என்பது கருதத்தக்கது.

முதுமையில் திரு.வி.க.வின் கண்ணொளி மங்கி மறைந்தது. எழுத இயலாத நிலையிலும் அவர் பாக்களைச் சொல்ல, அன்பர்கள் எழுதிக்கொண்டனர். அவ்வாறு தோன்றிய நூல்களுக்குத் தாமே 'முதுமை உளறல்' எனவும், 'படுக்கைப் பிதற்றல்' எனவும் பெயரிட்டார். அவற்றுள் பின்னது வெளிவந்த 1953-ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். கமலாம்பிகை அம்மையார் மறைந்து அப்பொழுது முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.