சாயச்சாலையில் கிடந்த சஞ்சீவி

புதியதொன்றைப் படைப்போரை உலகம் போற்றுகின்றது. கையிலிருக்கும் பொருளினுள்ளே மறைந்து கிடக்கும் ஆற்றலைக் கண்டு சொல்வோரை அது அத்துணை நினைப்பதில்லை. அவ்வாறு கண்டு சொன்னவருள் நாம் மறக்கலாகாத ஒருவர் ஜேர்மானிய மருத்துவ அறிஞர் கெர்ஹார்ட் டோமாக் என்பது என் துணிபு.

அவர் 1895ஆம் ஆண்டில், அந்நாளில் ஜேர்மனியைச் சேர்ந்ததும் இந்நாளில் போலந்தில் உள்ளதுமான லாகோவ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். கீல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கிய 1914இலேயே முதல் உலகப் போர் மூண்டது. போர்முனை சென்று காயமுற்ற அவ்விளைஞர், பின்னர் இராணுவ மருத்துவப் பிரிவிற் பணிபுரிந்தார். சத்திர சிகிச்சையினாற் பிழைத்த வீரரும் புண்ணிலே கிருமி பற்றி மாள்வதை அங்கே கண்டார். குண்டுக்குத் தப்பியவன் கிருமிக்குத் தப்பவில்லை. அந்தத் துயரக் காட்சியே அவருடைய வாழ்நாட் பணியை வகுத்ததென நான் கருதுகின்றேன்.

1927இல் அவர் எல்பர்பெல்ட் நகரிலே, சாயங்களும் மருந்துகளும் செய்துவந்த பாயர் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். மீட்ஷ், கிளாரர் என்னும் இரசாயன அறிஞர் இருவர் ஆக்கித் தந்த சாயங்களை அவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஆண்டுகள் வீணே கழிந்தன. 1932 டிசெம்பரில், கொடிய கிருமி ஏற்றப்பட்ட 26 சுண்டெலிகளுள் 12க்கு ஒரு செந்நிறச் சாயம் கொடுக்கப்பட்டது. கொடுபடாத 14உம் இறந்தன. கொடுபட்ட 12உம் பிழைத்தன! புரொன்டோசில் என்று பெயர் பெற்றது அச்சாயமே. சோதனைக் குழாயில் வளர்த்த கிருமிகளை அது யாதுஞ் செய்யவில்லை. உயிருடம்பிலே சோதித்தமையாலன்றோ அதன் ஆற்றல் வெளிப்பட்டது!

1935இன் இறுதியில் அவ்வாற்றலை அவர் தம் இல்லத்திலேயே சோதிக்க நேர்ந்தது. அவருடைய சிறு மகளின் கையில் ஊசி தைத்துக் கிருமி பரவிற்று. கையை வெட்டி எடுப்பதே வழியென்றனர் வைத்தியர். தந்தை தாம் கண்ட மருந்தைக் கொடுத்தார். கையும் உயிரும் தப்பின. இலண்டனிலே 1936இல் பிரசவக் காய்ச்சலுற்று இம்மருந்தை முதலிற் பெற்ற 38 தாய்மாருள் மூவரே இறந்தனர். அதற்கு முன்னரோ நால்வருள் ஒருவரை அந்நோய் கொண்டுபோய்விடும்.

இதனினும் வியப்பானதொன்றுண்டு. புரொன்டோசில் உடம்பினுள்ளே பிளவுண்டு, சல்பனிலமைட் என்னும் நிறமற்ற எளிய பொருளாகின்றது என்பதையும், நோய் தீர்ப்பது அப்பொருளே என்பதையும் 1935இல் பரிஸ் நகரத்துப் பாஸ்ரர் நிறுவனத்தார் கண்டனர். அப்பொருள் புதியதன்று, 1908இலேயே வியன்னாவில் கெல்மோ என்பவர் சாய ஆராய்ச்சியின்போது ஆக்கியது. அதன் காப்புரிமையும் கழிந்திருந்தமையால் எவரும் அதனை மலிவாகச் செய்யலாயினர். சஞ்சீவி சாயச்சாலையிற் கிடக்க, முதல் உலகப் போரிலே எத்தனை இலட்சம் பேர் புண் சீழ்ப்பிடித்து மாண்டனர்! இதனை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கின்றது.

1939இல் டோமாக்கிற்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஜேர்மானியர் அப்பரிசைப் பெறலாகாதென ஹிட்லர் தடைவிதித்திருந்தான். நன்றி கூறி எழுதிய குற்றத்திற்காக உயிர்காத்த அவ்வறிஞர் சிறை வைக்கப்பட்டார்; பரிசை மறுக்கும் கடிதத்திற் கையொப்பமிடவும் நேர்ந்தது. 1947இல் பதக்கம் மட்டும் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 1964இல் அவர் மறைந்தார்.

இன்று பல பற்றீரியாக்கள் நம் மருந்துகளுக்கு அடங்காதனவாய்விட்டன. ஆராய்வோர் மீண்டும் பழைய மருந்துகளைத் திரும்பிப் பார்க்கின்றனர். காசநோய்க்கென 1950களில் ஆக்கப்பட்டு, பின்னர்த் தொழுநோய்க்குப் பயன்பட்ட குளோபசிமின், பிற மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு இன்று மறுபடியும் வழங்கப்படுகின்றது. இன்னும் எத்தனை சஞ்சீவிகள் வேறு பெயர்களோடு நம் மருந்துப் பேழைகளில் உறங்குகின்றனவோ! பொறுமையோடு அவற்றை எழுப்பிக் கேட்போரே டோமாக்கின் உண்மை வழித்தோன்றல்கள் என்பேன்.