மலையகத்தின் குரல்: மீனாட்சி அம்மையார்

வண்டிப்பெரியாற்றிலிருந்து காட்டு வழியே சென்றால் கவி என்னும் மலையூரை அடையலாம். அங்குள்ள ஏலத்தோட்டங்களில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. அவர்களின் முன்னோர் இலங்கையின் மலையகத்தில் தேயிலை பயிரிட்டவர்கள். அம்மக்களின் துயரைப் பாட்டாக்கிய முன்னோடிப் பெண் கவிஞர் மீனாட்சி அம்மையார்.

இவர், தஞ்சைப் பகுதியிலிருந்து இலங்கை சென்று தொழிற்சங்கத் தலைவராக விளங்கிய கோ. நடேசய்யரின் துணைவியார். கணவர் நடத்திய 'தேசபக்தன்' இதழின் பணிகளில் பங்கேற்றார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று அதில் எழுதினார். இலங்கையில் 1931ஆம் ஆண்டில் ஆண், பெண் இருபாலாரும் வாக்களிக்கும் முறை வந்தது.

அக்காலத்தில் தேயிலைத் தோட்டங்கள் ஆங்கிலேயத் துரைமாரின் கட்டுப்பாட்டில் இருந்தன. வெளியார் உள்ளே சென்று தொழிலாளரைச் சந்திப்பது எளிதன்று. லயங்களில் வாழ்ந்தோருள் பலர் எழுத்தறியாதவர். கட்டுரை அவர்களைச் சென்று சேராது, பாட்டு சேரும். இதனை உணர்ந்த அம்மையார், மக்கள் அறிந்த மெட்டுகளில் எளிய பாடல்களை இயற்றினார். கூட்டங்களில் கணவர் உரையாற்றினார், அம்மையார் பாடினார். பெண்கள் பொதுமேடை ஏறத் தயங்கிய காலத்தில் இது பெருந்துணிவு.

1939ஆம் ஆண்டில் இலங்கை அரசு, தன் துறைகளில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியர் பலரை வேலையிலிருந்து நீக்கியது. உழைத்து வளர்த்த நாட்டிலேயே தமிழர் அந்நியராயினர். இந்த அநீதியை எதிர்த்து அம்மையார் பாடினார். 1940ஆம் ஆண்டில் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாடல் நூலை வெளியிட்டார். ஒற்றுமையாக நின்று உரிமை கேட்க வேண்டும் என்பதே அவர் பாடல்களின் உயிர்க்கருத்து.

அவர் அஞ்சியது பின்னர் நடந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பல குடும்பங்கள் இந்தியா திரும்பின. அவற்றுள் சிலவே கவிக்கு வந்து சேர்ந்தன. உரிமை பறிபோகுமுன்னரே எச்சரித்த குரல் மீனாட்சி அம்மையாருடையது.

சொற்பொருள்

துணைவியார் – மனைவி
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள்
மெட்டு – பாடலின் இசையமைப்பு
நாடற்றவர் – எந்நாட்டிலும் குடியுரிமை இல்லாதவர்

விடையளிக்க

1. மீனாட்சி அம்மையார் தம் கருத்துகளைப் பரப்பப் பாட்டைத் தேர்ந்தது ஏன்?
2. உங்கள் குடும்பம் இவ்வூருக்கு வந்த வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.