கரன்ட் போனாலும் 24-ஐ மறக்காத ஏ.சி... பின்னாடி ஒரு வாத்தியார் இருக்கார்!

மே மாசம், மதியம் 2 மணி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணியை ஒரு கட்டு கட்டிட்டு, லாட்ஜ் ரூமுக்கு வந்து ஏ.சி-யை 24-ல வெச்சுட்டுப் படுக்குறீங்க. ஜன்னல் வழியா மலைக்கோட்டைப் பாறை வெயில்ல தகதகன்னு தெரியுது. கண் அசர்ற நேரத்துல டப்புன்னு கரன்ட் கட்!

கீழே ஜெனரேட்டர் உறுமுது. ஒரு நிமிஷம்கூட ஆகலை, ஏ.சி திரும்ப ஓட ஆரம்பிக்குது. நீங்க ரிமோட்டைத் தொடவே இல்லை. ஆனா, அதே 24 டிகிரி. கரன்ட் இல்லாத அந்த இடைவெளியில 24-ங்கிற நம்பரை யார் ஞாபகம் வெச்சிருந்தது?

சர்க்யூட் போர்டுல இருக்கிற ஒரு குட்டி சிப். ஆனா, ஒரு கட்டடம் தன்னோட வெப்பநிலையைத் தானே பார்த்துக்கணும்ங்கிற யோசனை, சிப் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு வந்துடுச்சு. அவர் பேரு வாரன் ஜான்சன். இன்னிக்கு உலகம் முழுக்க மால், ஆஸ்பத்திரி, ஏர்போர்ட்னு கட்டடங்களைக் கன்ட்ரோல் பண்ற ஜான்சன் கன்ட்ரோல்ஸ் கம்பெனியோட பேர்ல இருக்கிற அதே ஜான்சன்தான்.

மணிக்கொரு தடவை தட்டப்பட்ட கதவு

1847 நவம்பர் 6-ல, அமெரிக்காவோட வெர்மான்ட் மாகாணத்துல பிறந்தவர் ஜான்சன். சின்ன வயசுலயே குடும்பம் விஸ்கான்சின் பக்கம் குடிபோயிடுச்சு. அச்சக வேலை, நில அளவை, ஸ்கூல் வாத்தியார்னு கிடைச்ச வேலையெல்லாம் பார்த்துட்டு, 1876-ல வொயிட்வாட்டர் ஊர்ல இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பேராசிரியரா வந்து சேர்ந்தார்.

அங்கதான் பிரச்னை. நமக்கு வெயில்னா, அவங்களுக்குக் குளிர். தண்ணி உறையற குளிர். கட்டடத்தோட அடித்தளத்துல பெரிய அடுப்பு எரியும். அந்தச் சூடு குழாய் வழியா ஒவ்வொரு வகுப்பறைக்கும் வரும். எந்த ரூமுக்கு எவ்வளவு சூடு போகணும்னு முடிவு பண்ற தகடுகள் அடித்தளத்துலதான் இருக்கும். அதனால, ஒரு பணியாளர் மணிக்கொரு தடவை ஒவ்வொரு வகுப்பா வந்து தெர்மாமீட்டரைப் பார்த்துட்டு, திரும்பக் கீழ இறங்கிப்போய் தகடைத் திருப்பணும்.

பாடம் சூடு பிடிக்கிற நேரத்துல கதவு திறக்கும். பசங்க தலை எல்லாம் திரும்பும். விட்ட இடத்தைப் பிடிக்கறதுக்குள்ள மணி அடிச்சுடும். இன்னிக்கு நமக்கு நோட்டிஃபிகேஷன் பண்ற வேலையை அன்னிக்கு அந்தக் கதவு பண்ணிக்கிட்டு இருந்தது. பாவம், அந்தப் பணியாளர் மேலயும் தப்பில்லை. படி ஏறி இறங்கியே அவர் பொழுது போயிடும்.

ஜான்சன் திட்டலை. யோசிச்சார். ரெண்டு வெவ்வேற உலோகத்தை ஒட்டி வெச்சா, சூடு ஏறும்போது ஒண்ணு அதிகமா நீளும், இன்னொண்ணு கம்மியா நீளும். அதனால பட்டை வளையும். அந்த வளைவை ஒரு ஸ்விட்ச்சா பயன்படுத்தினார். ரூம் தேவைக்கு மேல சூடானா சர்க்யூட் சேரும். அடித்தளத்துல மணி அடிக்கும். பணியாளர் கீழ இருந்தபடியே தகடைத் திருப்பிக்கலாம். கதவைத் தட்ட வேண்டியதில்லை. 1883-ல இதுக்கு பேட்டன்ட் வாங்கினார். அப்போ அவருக்கு வயசு 35.

பேட்டரியில் இருந்து காற்றுக்கு...

மில்வாக்கி நகரத்துப் பணக்காரக் குடும்பத்து வாரிசான வில்லியம் பிளாங்கின்டன் முதலீடு போட முன்வந்தார். ஜான்சன் வாத்தியார் வேலைக்கு குட்பை சொல்லிட்டு மில்வாக்கிக்குப் போனார். 1885-ல ஜான்சன் எலெக்ட்ரிக் சர்வீஸ் கம்பெனி ஆரம்பமாச்சு.

மணி அடிக்கிறதோட நிறுத்தினா எப்படி? அந்தத் தகடையும் மெஷினே திருப்பணும் இல்லையா? அன்னிக்கு வீட்டுக்கு வீடு கரன்ட் கிடையாது. பேட்டரி மட்டும்தான். அதுல மணி அடிக்கலாம், கனமான தகடைத் திருப்ப முடியாது. அதனால ஜான்சன் வேலையை ரெண்டாப் பிரிச்சார். சிக்னலுக்கு பேட்டரி, பலத்துக்கு அழுத்தப்பட்ட காற்று. 1895-ல இன்னும் ஒரு படி மேல போய், பல ரூம்களைத் தனித்தனியா காற்றழுத்தத்தாலயே கட்டுப்படுத்துற முறைக்கு பேட்டன்ட் வாங்கினார். சிக்னலும் காற்று, பலமும் காற்று.

இங்கதான் நம்ம ஊர் ஆளுங்களுக்குப் புரியற மேட்டர் இருக்கு. காற்றை ஒரு தொட்டியில அடைச்சு வைக்கலாம். கம்ப்ரஸர் நின்னுபோனாலும், தொட்டியில இருக்கிற காற்று கொஞ்ச நேரம் சிஸ்டத்தை ஓட்டும். அதாவது, பேக்கப்! அந்தக் காற்றும் தீர்ந்தா? வால்வுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கும். காற்று போனதும் அது வால்வை ஒரு பத்திரமான நிலைக்குத் தள்ளிடும். குளிர் தேசத்துல பத்திரமான நிலைன்னா, ஹீட்டர் வால்வு திறந்தபடி நிக்கிறது. உள்ள இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் வேர்க்கலாம். ஆனா யாரும் விறைச்சுப் போகமாட்டாங்க.

மெஷின் நல்லா ஓடும்போது என்ன செய்யும்னு யோசிக்கிறது ஒரு ரகம். அது நின்னுபோகும்போது என்ன ஆகும்னு முன்கூட்டியே யோசிக்கிறது இன்னொரு ரகம். கட்டடத்தை மெஷின் கையில கொடுக்கணும்னா ரெண்டாவது ரகம்தான் வேணும்.

ஒரே மனுஷன்... ஐம்பது யோசனை!

ஜான்சனுக்கு ஒரு இடத்துல நிக்கத் தெரியாது. காற்றழுத்தத்துல ஓடுற ராட்சத கோபுரக் கடிகாரங்கள் செஞ்சார். பிலடெல்பியா நகர மன்றக் கோபுரத்துல இருக்கிற கடிகாரம் அவர் கைவண்ணம்தான். வயர்லெஸ் தந்திக்கு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். பின்னாடி ரேடியோ உலகத்துல பெரிய பேர் வாங்கின லீ டி ஃபாரஸ்ட் அங்க கொஞ்ச காலம் வேலை பார்த்தார். நீராவியில ஓடுற வண்டிகள் செஞ்சு, மில்வாக்கியில தபால் மூட்டை ஏத்திப் போறதுக்கும் முயற்சி பண்ணினார். பஞ்சராகாத டயர், சரவிளக்கு, ஸ்டோரேஜ் பேட்டரின்னு லிஸ்ட் போகுது. மொத்தம் 50-க்கும் மேல பேட்டன்ட்!

திண்டுக்கல்காரங்க காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். அந்த லிஸ்ட்ல பூட்டும் இருக்கு. ஸ்பிரிங் இல்லாத கதவுப் பூட்டு ஒண்ணை வடிவமைச்சிருக்கார் மனுஷன். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊர்ப் பூட்டுக்காரங்க பட்டறையில உட்கார்ந்திருந்தா, நேரம் போறதே தெரியாம பேசியிருப்பார்.

ஆனா, இதுல ஒரு சிக்கல் இருந்தது. எல்லா யோசனையும் ஒரே தலைக்குள்ள. எல்லா கனெக்‌ஷனும் ஒரே ஆள்கிட்ட. 1911 டிசம்பர் 5-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஜான்சன் இறந்துபோனார். வயசு 64. மெயின் சப்ளை கட்!

அடுத்த வருஷம் பொறுப்புக்கு வந்த ஹாரி எல்லிஸ் ஒரு கடுமையான முடிவு எடுத்தார். காரு, கடிகாரம் எல்லாத்தையும் கழற்றிவிட்டுட்டு, கட்டட வெப்பநிலைக் கட்டுப்பாட்டை மட்டும் வெச்சுக்கிட்டார். ஜான்சன் இருந்திருந்தா மனசு வலிச்சிருக்கும். ஆனா, அவர் பேர் இன்னிக்கும் நிக்குதுன்னா அதுக்குக் காரணம் அந்த முடிவுதான். 1974-ல அந்த நிறுவனம் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் ஆச்சு. 1978-ல குளோப்-யூனியன்ங்கிற பேட்டரி நிறுவனத்தையே வாங்கிடுச்சு. நம்ம ஊர் பைக், கார், இன்வெர்ட்டர்ல பார்க்கிற அமரான் பேட்டரி இருக்கே... அதைத் தயாரிக்கிற அமர ராஜாவோட 2019 வரைக்கும் கூட்டு வெச்சிருந்ததும் இவங்கதான்.

இன்னிக்கு அந்த ஸ்பிரிங் எங்கே?

இப்போ காற்றுத் தொட்டிக்குப் பதிலா, ஒரு டிபன் பாக்ஸ் சைஸ் கன்ட்ரோலர். வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்கள்ல நூல் அறுந்துபோகாம இருக்க ஈரப்பதத்தைப் பார்த்துக்கிறதுல இருந்து, ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் இந்த மாதிரி பெட்டிகள்தான். கேள்வி மட்டும் அதேதான்: சப்ளை போனா என்ன ஆகும்?

பதில் மூணு இடத்துல இருக்கு. முதல்ல, புரோகிராம். அது ஃபிளாஷ் மெமரியில இருக்கும். உங்க மொபைல் சார்ஜ் தீர்ந்தாலும் போட்டோ அழியாத மாதிரி, அதுக்குக் கரன்ட் தேவையில்லை.

ரெண்டாவது, நேரம். உள்ள இருக்கிற கடிகாரத்துக்கு ஒரு பட்டன் பேட்டரியோ, சூப்பர் கெப்பாசிட்டரோ இருக்கும். பட்டன் பேட்டரி வருஷக்கணக்குல தாங்கும். கெப்பாசிட்டர் சில மணி நேரமோ, சில நாளோ. இது செத்துப்போனா கன்ட்ரோலர் முழிக்கும்போது பல வருஷம் பின்னாடி போய் நிக்கும். ஞாயித்துக்கிழமை நடுராத்திரி யாருமே இல்லாத ஆபீஸ்ல ஏ.சி ஓடும். சில ரூபாய் பேட்டரி, சில ஆயிரம் ரூபாய் கரன்ட் பில்!

மூணாவது, ஓட்டம். கன்ட்ரோலர் சாப்பிடுறது ரொம்பக் கம்மி. 10 வாட்னு வெச்சுக்கோங்க. 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில இருக்கிறது 84 வாட்-அவர். விரயம் போக சுமார் 6 மணி நேரம் தாங்கும். அதே பேட்டரியில 1,500 வாட் ஏ.சி-யை ஓட்ட நினைச்சா, கணக்குப்படியே மூணரை நிமிஷத்துக்கு மேல கிடையாது. அதனாலதான், சின்ன யு.பி.எஸ்-ஸை மூளைக்குக் கொடுத்துட்டு, உடம்பை ஜெனரேட்டர்கிட்ட விட்டுடுறாங்க. பேட்டரியையும் காற்றையும் பிரிச்ச ஜான்சனோட அதே ரூட்!

2012 சமயத்துல, ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல கரன்ட் இல்லாம வீட்டுப்பாடம் எழுதின தலைமுறை நாம. பேக்கப்போட அருமையை நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. உங்க வீட்டு ஸ்மார்ட் பிளக், வைஃபை ரூட்டர், ஏ.சி-யில இன்னிக்கே ஒரு விஷயம் பாருங்க: கரன்ட் போய் வந்தா அது ஆன் ஆகுமா, ஆஃப்ல நிக்குமா, பழைய நிலைக்கே வருமா? செட்டிங்ஸ்ல பெரும்பாலும் அந்த ஆப்ஷன் இருக்கும். வயசான தாத்தா பாட்டி தனியா இருக்கிற வீடுன்னா, கண்டிப்பா பாருங்க.

அடுத்த தடவை திண்டுக்கல் வெயில்ல கரன்ட் போய், ஏ.சி தானா 24-க்குத் திரும்பி வந்தா, வகுப்புக் கதவைப் பார்த்துக் கடுப்பான அந்த வாத்தியாரை ஒரு செகண்டு நினைச்சுக்கோங்க. நிம்மதியா தூங்கறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு செகண்டு!