புது ஷூவும் புது ஜட்டியும்... 35 வயதில் ஜெயித்த இயன் ட்யூரியின் கதை!

1977-ல் வெளியான ஓர் ஆல்பத்தின் அட்டையைப் பற்றிச் சொல்றேன். லண்டனில் ஒரு சின்னத் துணிக்கடை வாசல். கோட் போட்ட ஓர் ஆள் நிற்கிறார். கொஞ்சம் தள்ளி ஒரு குட்டிப் பையன். அவர் இயன் ட்யூரி. பையன், அவருடைய மகன் பாக்ஸ்டர். பெரிய செட்டிங், மேக்கப் எதுவும் கிடையாது.

ஆல்பத்தின் பெயரைக் கேட்டால் சிரிச்சிடுவீங்க. ‘நியூ பூட்ஸ் அண்ட் பேன்டீஸ்’. புது ஷூ, புது ஜட்டி! ட்யூரி தன் துணிமணிகளைப் பழைய துணிக்கடைகளில்தான் வாங்குவார். அங்கே வாங்காமல் புதுசாக வாங்கியவை இந்த இரண்டும் மட்டும்தான். அதையே தலைப்பாக வைத்துவிட்டார்.

இந்தக் கிண்டலுக்குப் பின்னால் இருப்பது சாதாரண வாழ்க்கை இல்லை.

ஏழு வயதில் விழுந்த அடி

ட்யூரி பிறந்தது 1942 மே 12-ல். அப்பா பஸ் டிரைவர். பிறகு பணக்காரர்களுக்குக் கார் ஓட்டினார். 1949 கோடையில், ஏழு வயதில் ட்யூரிக்குப் போலியோ வந்தது. சவுத்எண்ட் ஊர் நீச்சல் குளத்தில்தான் அது தொற்றியிருக்க வேண்டும் என்று அவர் நம்பினார். போலியோ தடுப்பூசி மக்களுக்கு வந்து சேர்ந்தது 1955-ல். ஆறே வருஷம் முந்திக்கொண்டது நோய்.

நீண்டகாலம் ஆஸ்பத்திரிவாசம். இடது காலும் இடது கையும் சூம்பிப்போயின. காலுக்கு இரும்புப் பட்டை மாட்டித்தான் நடக்க வேண்டும் என்ற நிலை. அடுத்து, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான செய்லி பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே கண்டிப்பு அதிகம். விழுந்தால் தானே எழுந்துகொள்ள வேண்டும். அந்தப் பிடிவாதம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

பதினாறு வயதில் பள்ளியை விட்டுவிட்டு ஓவியம் படிக்கப் போனார். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் இடம் கிடைத்தது. பீட்டில்ஸின் புகழ்பெற்ற ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்ப அட்டையை உருவாக்கிய பீட்டர் பிளேக்தான் அங்கே அவருக்கு வாத்தியார். படிப்பு முடிந்ததும் ட்யூரியும் ஓவிய ஆசிரியரானார்.

அப்புறம் எப்படிப் பாட்டுக்கு வந்தார்? அவர் உயிராக நேசித்த ராக் அண்ட் ரோல் பாடகர் ஜீன் வின்சென்ட். அவரும் விபத்தில் கால் அடிபட்டு, நொண்டியபடியே மேடையேறியவர். 1971-ல் வின்சென்ட் இறந்தார். ட்யூரி ‘கில்பர்ன் அண்ட் த ஹை ரோட்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கியதும் அந்தக் காலகட்டத்தில்தான். பாராட்டு வந்தது, பணம் வரவில்லை. சில வருஷங்களில் குழு கலைந்தது.

யாருக்கும் வேண்டாத ஆல்பம்

யோசிச்சுப் பாருங்க. வயது 35-ஐ நெருங்குது. குழு இல்லை. பங்க் அலை அடிக்கும் நேரம். மேடையில் இருப்பவர்கள் எல்லாம் இருபது வயசுப் பசங்க. ட்யூரி என்ன செய்தார்? சாஸ் ஜேங்கல் என்ற இளம் இசைக்கலைஞரோடு உட்கார்ந்தார். இவர் வரிகள் எழுத, அவர் மெட்டுப் போட்டார். ஃபங்க், ஜாஸ், ராக் அண்ட் ரோல், அதோடு லண்டன் தெருப்பேச்சு. எல்லாம் ஒரே சட்டியில்!

பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் வேண்டாம் என்று கைவிரித்தன. கடைசியில் ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி வெளியிட்டது. கேட்டவர்கள் அடுத்தவருக்குச் சொல்ல, ஆல்பம் ஒன்றரை வருஷத்துக்கும் மேல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் நின்றது.

ஆல்பத்தில் ஒரு பாட்டு ஜீன் வின்சென்ட்டுக்கு. இன்னொன்று, இறந்துபோன அப்பாவுக்கு. ‘பிளாக்ஹெட்ஸ்’ என்று ஒரு பாட்டும் உண்டு. அவரோடு ஊர் ஊராகப் போய் வாசித்த குழுவுக்கு அதுவே பெயராகிப்போனது. 1979 ஜனவரியில் அந்தக் குழுவின் ‘ஹிட் மீ வித் யுவர் ரிதம் ஸ்டிக்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

பரிதாபம் வேண்டாம்

1981-ஐ மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. ட்யூரிக்கு அதில் பரிதாப வாடை அடித்தது. எங்களுக்கு உங்கள் இரக்கம் தேவையில்லை என்ற கோபத்தோடு ‘ஸ்பாஸ்டிகஸ் ஆட்டிஸ்டிகஸ்’ என்ற பாட்டை எழுதினார். தங்களைக் கேலி செய்யும் சொல்லையே எடுத்துத் திருப்பி வீசிய பாட்டு அது. முகம் சுளித்த பிபிசி, ஒலிபரப்பத் தடை போட்டது. பாட்டு ஓடவில்லை.

ஆனால் 2012-ல் என்ன நடந்தது தெரியுமா? லண்டன் பாராலிம்பிக்ஸ் தொடக்க விழாவில், மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள் அதே பாட்டை உலகமே பார்க்கப் பாடினார்கள். அதைப் பார்க்க ட்யூரி இல்லை.

1996-ல் அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. ஆனாலும் மேடையை விடவில்லை. யுனிசெஃப் தூதராக 1998-ல், பாடகர் ராபி வில்லியம்ஸோடு இலங்கைக்குப் போனார். எதற்கு? போலியோ சொட்டு மருந்துப் பிரசாரத்துக்கு! உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நாடு அது. தன் உடம்பைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தபோது, தன் குழந்தைப் பருவத்தைத் தின்ற நோய் இன்னொரு குழந்தையைத் தொடக் கூடாது என்று அவ்வளவு தூரம் வந்தார் அந்த மனிதர்.

2000 மார்ச் 27. ட்யூரி இறந்தார். வயது 57.

சரியாக 14 வருஷம் கழித்து, 2014 மார்ச் 27. இந்தியா, இலங்கை உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தேதி ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். இருந்தாலும், அடுத்த முறை உங்கள் வீட்டுக் குழந்தையைச் சொட்டு மருந்துக்குத் தூக்கிட்டுப் போகும்போது, புது ஷூ போட்ட அந்த லண்டன்காரரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!