1,000 ஆண்டு பழைய காகிதக் குவியல்... கேம்பிரிட்ஜுக்கு அள்ளி வந்த சாலமன் ஷெக்டர் யார்?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு விசித்திரமான சேகரிப்பு இருக்கிறது. சுமார் 1,93,000 துண்டுகள். பெரும்பாலும் கிழிந்த தாள்கள், பாதிக் கடிதங்கள், கல்யாண ஒப்பந்தங்கள், கடைக் கணக்குகள். பார்த்தால் பழைய பேப்பர் கடை மாதிரிதான் தெரியும். ஆனா மத்தியகால வரலாற்றை ஆராய்பவர்களுக்கு இது புதையல்.

இதை அங்கே கொண்டு சேர்த்தவர் சாலமன் ஷெக்டர். ஆனா அவர் அள்ளி வந்ததில் பெரும்பகுதியின் மதிப்பு, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துதான் தெரிய வந்தது.

இன்றைய ருமேனியாவில் உள்ள ஃபொக்ஷானியில், 1847-ல் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஷெக்டர். வியன்னா, பெர்லின் என்று படித்துவிட்டு 1882-ல் இங்கிலாந்து வந்தார். 1890-ல் கேம்பிரிட்ஜில் யூத நூல்களைக் கற்பிக்கும் வேலை கிடைத்தது.

எல்லாம் ஒரு தாளில் ஆரம்பித்தது

1896 மே மாதம். ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் எகிப்து, பாலஸ்தீனப் பயணத்தில் வாங்கி வந்த பழைய ஏடுகளை ஷெக்டரிடம் காட்டினார்கள். இருவரும் பல மொழிகள் கற்றவர்கள். அந்த ஏடுகளில் ஒரு தாளைப் பார்த்ததும் ஷெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது பென் சிரா என்ற பழைய நூலின் எபிரேய வடிவம். பல நூற்றாண்டுகளாக மொழிபெயர்ப்பில் மட்டுமே தெரிந்திருந்த நூல் அது.

இது எங்கிருந்து வந்தது? அவரது சந்தேகம் கெய்ரோவின் பழைய பகுதியில் இருக்கும் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தின் மேல் விழுந்தது.

கெனிசா என்றால் என்ன?

புத்தகம் காலில் பட்டால் நாம் தொட்டு கண்ணில் ஒற்றிக்கொள்வோம் இல்லையா? யூதர்களிடமும் எழுத்துக்கு அப்படி ஒரு மரியாதை உண்டு. கடவுளின் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது. பழசானால் கெனிசா என்ற அறையில் போட்டு வைத்து, பிறகு மண்ணில் புதைப்பார்கள். பென் எஸ்ராவில் போட்டார்கள், ஆனா பெரும்பாலும் புதைக்கவில்லை. எபிரேய எழுத்தில் இருந்த எல்லாத் தாளும் அங்கேயே போனது, சாதாரணக் கணக்குச் சீட்டு உட்பட. கெய்ரோவின் வறண்ட காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது.

1896 டிசம்பரில் ஷெக்டர் கெய்ரோ கிளம்பினார். செலவு, கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரித் தலைவர் சார்லஸ் டெய்லருடையது. தலைமை ரபியின் அனுமதி வாங்கி, ஏணி வைத்து ஏறி, சுவரின் உயரத்தில் இருந்த திறப்பு வழியாக அந்த இருட்டறைக்குள் இறங்கினார். வாரக்கணக்கில் புழுதிக்குள் வேலை. அச்சிட்டதை விட்டுவிட்டு கையெழுத்துப் பிரதிகளை மூட்டை கட்டினார். 1898-ல் அது டெய்லர்-ஷெக்டர் சேகரிப்பு என்ற பெயரில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது.

அதே ஆண்டு எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் பிரபலம். மேசை, பெட்டி என எங்கு பார்த்தாலும் தாள்கள், நடுவில் நெற்றியில் கை வைத்தபடி ஷெக்டர். தனி ஆளாக எவ்வளவுதான் பார்க்க முடியும்? மத நூல்களும் இலக்கியமும் முதலில் பிரிக்கப்பட்டன. முக்கியமானவை கண்ணாடிக்கு நடுவே வைக்கப்பட்டன. மிச்சம், அதாவது பெரும்பகுதி, பெரிதாக மதிப்பில்லை என்று மரப்பெட்டிகளுக்குள் போனது.

1902-ல் அவர் நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரிக்குத் தலைமையேற்கப் போய்விட்டார். 1915-ல் அங்கேயே இறந்தார். பெட்டிகள் அப்படியே கிடந்தன. நல்லவேளை, நூலகம் தூக்கிப் போடவில்லை!

பெட்டிக்குள் மங்களூர்

1950-களில் எஸ்.டி.கோய்டைன் என்ற ஆய்வாளர் அந்தப் பெட்டிகளைப் பார்க்க வந்தார். அவர் தேடியதே மற்றவர்கள் ஒதுக்கிய கடிதங்களையும் கணக்குகளையும்தான். பிறகு 1970-களில் ஸ்டீஃபன் ரீஃப் தலைமையில் தனி ஆய்வுப் பிரிவு அமைந்து, பாதுகாப்பு வேலை வேகம் பிடித்தது. ஒவ்வொரு துண்டாக புழுதி நீக்கி, மடிப்பை மெதுவாகப் பிரித்து, பசை படாமல் பாலியஸ்டர் உறைக்குள் வைத்தார்கள்.

கெனிசா தாள்களில் இருந்து வெளியே வந்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் பென் யிஜு. 12-ம் நூற்றாண்டில் நம்ம மங்களூர் பக்கம் சுமார் 17 ஆண்டுகள் தங்கி மிளகு, இரும்பு, பாக்கு வியாபாரம் பார்த்தவர். வெண்கலப் பட்டறையும் நடத்தினார். எழுத்தாளர் அமிதவ் கோஷ் 1992-ல் வெளியிட்ட 'இன் அன் ஆன்டீக் லேண்ட்' இவரையும் இவரது அடிமையையும் தேடிப் போன கதைதான்.

பென் யிஜு தன் கணக்கு சிலவற்றை, வந்த கடிதங்களின் காலி இடத்திலேயே எழுதி வைத்தார். அன்று இந்தியக் கரையில் காகிதம் கிடைப்பது கஷ்டம். ஏடனில் இருந்த நண்பர்கள்தான் அவருக்குக் கப்பலில் வெள்ளைத் தாள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.