சுடுகாட்டில் பிறந்த நம்பிக்கை: திருத்தக்கதேவர் வரலாறு

துன்பம் வந்துற்றபோது மனத்தைத் தேற்றும் ஆற்றல் கவிதைக்கு உண்டு. தேற்றுவதோடு நில்லாமல், வினையின் இயல்பை உணர்த்தி வீட்டுநெறியில் செலுத்தும் கவிதை சிலவே. அத்தகைய கவிதையைத் தமிழுக்கு அளித்தவர் சீவக சிந்தாமணி ஆசிரியராகிய திருத்தக்கதேவர்.

தேவரின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி அல்லது பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பர் அறிஞர் பலர். அவர் சோழர் குலத்தில் தோன்றியவர் என்பது மரபு. நம் கலசப்பாக்கத்திற்கு அண்மையில், போளூரை அடுத்த திருமலையில், சோழர் குலப் பெண்மணியின் பெயரால் குந்தவை ஜினாலயம் விளங்குகின்றது. அங்குச் சென்று நேமிநாத சுவாமியை வணங்குந்தோறும் அக்குலத்துத் தோன்றிய தேவரின் நினைவும் நமக்கு எழுவதுண்டு.

தேவர் தமிழும் வடமொழியும் கற்று, இளமையிலேயே துறவு பூண்டார். மதுரையில் தங்கியிருந்தபோது, புலவர் சிலர் சமண முனிவர்க்குத் துறவைப் பாடவே வரும், இன்பச் சுவையைப் பாட வாராது என்று கூறினராம். தேவர் பாட விரும்பினார். ஆயினும் குருவின் ஆணையின்றித் தொடங்கவில்லை. இன்பத்தைப் பாடப் புகுந்த துறவியின் நோன்புக்கு ஊறு நேருமோ என்பதே குருவின் முன் நின்ற வினா. அவ்வழியே ஓடிய நரி ஒன்றைக் காட்டி, அதனைப் பற்றி முதலில் ஒரு நூல் செய்க என்றார் குரு.

அவ்வாறு பிறந்ததே நரிவிருத்தம். யானையும் வேடனும் பாம்பும் ஒருங்கே மாண்டு கிடக்கக் கண்ட நரி, நெடுநாளைக்கு உணவு கிடைத்ததென மகிழ்ந்து, முதலில் வில்லின் நாணைக் கடித்தது. நாண் அறுந்து வில் நிமிர, நரியும் மாண்டது. சிறு விலங்கின் கதையில் ஆசையின் கேட்டையும் நிலையாமையையும் அடக்கிய மாணவரின் உள்ளத் தூய்மையைக் குரு உணர்ந்தார். பெருநூல் பாட இசைந்து, அருகப்பெருமான் வாழ்த்துப் பாடல் ஒன்றையும் தாமே பாடித் தந்தார். தேவர் சித்தரை வாழ்த்திப் பாட, அது தம் பாடலினும் சிறந்ததென்று கண்டு, அதனையே முதலில் வைக்கச் செய்தார். மாணவர் தம்மை விஞ்சியது கண்டு மகிழ்ந்த இந்த ஆசிரியரை, ஆசிரியப் பயிற்சி பெற்று வாழ்நாளெல்லாம் கற்பித்த நாம் எண்ணி எண்ணி வியக்கின்றோம்.

நூல் முற்றுப்பெற்ற பின்னும் ஐயம் தீராதார் இருந்தனர். இன்பத்தை இவ்வளவு நுட்பமாகப் பாடியவர் அதனைத் துய்த்தவராகவே இருத்தல் வேண்டும் என்றனர். பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித் தம் தூய்மையைத் தேவர் நிறுவினார் என மரபு கூறும். அதனினும் பெரிய சான்று நூலுக்குள்ளேயே உள்ளது.

3145 செய்யுட்களும் 13 இலம்பகங்களும் கொண்ட அக்காப்பியம், எட்டு மணங்களைக் கூறுதலின் மணநூல் எனப்பட்டது. ஆயினும் அதன் நாயகன் பிறந்த இடம் சுடுகாடு. கட்டியங்காரனின் வஞ்சனையால் சச்சந்தன் மாள, மயிற்பொறியில் தப்பிய விசயை நள்ளிரவில் மயானத்தில் மகனை ஈன்றாள். இறந்த குழவியை அடக்கம் செய்ய வந்த வணிகன் கந்துக்கடன் இக்குழவியைக் கண்டெடுத்தான். அப்போது குழவி தும்ம, வாழ்க என்னும் பொருளில் எழுந்த வாழ்த்தே சீவகன் என்ற பெயராயிற்று. மகவை இழந்தவன் கையில் தந்தையை இழந்த மகவு! இழப்பே முடிவன்று என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது.

பின்னர், அடிபட்டு உயிர்விடும் நாய் ஒன்றின் செவியில் சீவகன் பஞ்ச மந்திரத்தை ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. கடைநிலை உயிர்க்கும் உய்தி உண்டு என்பது இதனால் விளங்கும்.

இறுதியில் அரசெய்திய சீவகன் ஒரு சோலையில், கடுவன் மந்திக்கு ஈந்த பலாச்சுளையைக் காவலன் பறித்துக்கொள்ளக் கண்டான். வலியவன் எளியவனிடம் பறிப்பதே தன் அரசுரிமையின் வரலாறும் என்று உணர்ந்து, யாவும் துறந்து வர்த்தமானரின் சமவசரணம் சென்று, முத்தி பெற்றான். எட்டு மணங்களும் வெற்றியும் தரவியலாத அமைதியை அச்சிறு காட்சி அவனுக்குத் திறந்துவிட்டது. இன்பத்தை மறையாது பாடி, அதன் எல்லையையும் காட்டிய தேவரின் தூய்மைக்கு இதுவே சான்று.

உ.வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் இந்நூலை ஆராயத் தொடங்கி, 1887-இல் பதிப்பித்தார். பொருள் விளங்காத இடங்களை அவருக்கு விளக்கியவர்கள் கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள். சிந்தாமணியை மாதக்கணக்கில் வீட்டில் ஓதி, நிறைவு நாளில் தோரணம் கட்டி விழாக் கொண்டாடும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. புலவர்க்கு அரிய நூலாக இருந்தது, சிராவகர் இல்லங்களில் வழிபாடாக வாழ்ந்தது.

அவ்வழக்கத்தை நம் இல்லங்களும் மேற்கொள்ளலாம். சாதுர்மாத மாலைகளில் நாளுக்கு ஐந்து செய்யுள் உரையுடன் படித்தாலும் போதும். பெரியோர் படிக்க, பிள்ளைகள் கேட்க, துயருற்ற இல்லத்தில் விசயையின் கதை ஒலிக்கட்டும். நற்காட்சி அங்கே தளிர்க்கும்.

அறம் வளர்க!