ஊழிய நிலமும் உரிமை நிலமும்
(அண்ணல் அம்பேத்கர் வாழ்வு தரும் ஒரு பாடம்)

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டத்தை வகுத்த மேதையாக நாம் அனைவரும் அறிவோம். 1927இல் மகத் குளத்து நீரை அள்ளிப் பருகி உரிமையை நிலைநாட்டியதும், 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவியதும் நம் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே கேட்டறிந்த செய்திகள். ஆயினும் அவர் முதன்மையாகப் பொருளாதாரம் கற்ற அறிஞர் என்பதையும், கிராமத்து ஏழையின் பிழைப்பைப் பற்றிய அரசாங்கத்தின் கொள்கையை மாற்றுவதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் பாடுபட்டவர் என்பதையும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்விப் பணிக்கென அமைந்த நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில், அவருடைய வாழ்வின் அந்தப் பகுதியை எடுத்துரைப்பது பொருத்தமாகும் எனக் கருதுகிறோம்.

கற்ற கல்வி

அண்ணல் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் என்னும் இராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணக் கடற்கரையில் இரத்தினகிரி மாவட்டத்து அம்படவே கிராமம். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று பொருளாதாரம் கற்றார். பின்னர் இலண்டனில் பயின்று 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

இடையே தாயகம் திரும்பியிருந்த 1918ஆம் ஆண்டில், இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் நிலங்களை ஒன்று சேர்த்துவிட்டால் உழவனின் வறுமை தீரும் என அக்காலத்து அறிஞர் பலர் கூறிவந்தனர். அண்ணல் அதனை ஏற்கவில்லை. நிலத்தின் அளவு மட்டுமே குறையன்று. அதில் இடுவதற்கு மாடும் கருவியும் முதலும் இல்லை. வேறு பிழைப்பு இல்லாமையால் தேவைக்கு மேற்பட்ட மக்கள் அந்நிலத்தையே நம்பிக் கிடக்கின்றனர். தொழில்கள் பெருகி அம்மக்களுக்கு வேலை கிடைத்தாலன்றி வேளாண்மையும் உயராது என அவர் நிறுவினார். இருபத்தேழு வயது இளைஞர் கண்ட இவ்வுண்மையே பின்னாளில் அவர் செய்த பல பணிகளுக்கு அடிப்படையாயிற்று.

வதன் என்னும் தளை

1927 முதல் அண்ணல் பம்பாய்ச் சட்டசபையில் நியமன உறுப்பினராக அமர்ந்தார். அங்கு அவர் கையிலெடுத்த பெரும் பிரச்சினை மகர் வதன் என்பதாகும். வதன் என்பது பரம்பரைக் கிராம ஊழியத்திற்காக விடப்பட்ட மானியம். நம் ஊர்களில் வெட்டியான் மானியம் என்று வழங்கியதை முதியோர் அறிவர். அதனோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும்.

மகர் குடும்பத்தார் அரசாங்கத்திற்கும் ஊராருக்கும் ஊழியம் செய்தாக வேண்டும். வரிப் பணத்தைத் தாலுக்கா கச்சேரிக்குச் சுமப்பது, குடியானவர்களைச் சாவடிக்கு அழைத்து வருவது, அதிகாரி வந்தால் உடன் ஓடுவது, சாவுச் செய்தியை அயலூருக்கு எடுத்துச் செல்வது என அப்பணிகளுக்கு எல்லையே இல்லை. இரவு பகல் என்ற வரையறையும் இல்லை. தந்தை நோயுற்றால் மகன் போக வேண்டும். மகனும் இல்லையேல் வீட்டிலுள்ள பெண்கள் போக வேண்டும். 1874ஆம் ஆண்டின் பரம்பரை உத்தியோகச் சட்டம் இம்முறைக்கு அரணாக நின்றது.

இதற்கு ஈடாகக் கிடைத்தது என்ன? ஒரு சிறு நிலம். அதுவும் தலைமுறைதோறும் பங்காளிகளிடையே பிரிந்து பிரிந்து ஒருவர் காலூன்றவும் போதாத அளவாயிற்று. அரசாங்கம் கொடுத்த அற்பப் பணம் ஒரு புறம். ஊரார் களத்தில் அளந்த தானியம் மறு புறம். இத்தானியத்தை மராத்தியர் பலுதா என்பர். மகர்கள் செத்த மாட்டை இழுக்க மறுத்தாலும், தூய ஆடை உடுத்தினாலும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலும் பலுதாவை நிறுத்திவிடுவது ஊராரின் கைப்படையாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக் கொண்டு மானத்தை ஒடுக்கும் முறை இது.

1928 மார்ச் 19 அன்று அண்ணல் இச்சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். விரும்பும் வதன்தாரர் ஊழியத்திலிருந்து விடுபடலாம். நிலம் அவர்களிடமே இருக்கும். ஆனால் மற்றக் குடியானவர்களைப் போல அவர்கள் முழுத் தீர்வை செலுத்துவர். பலுதா தானியம் பணமாக மாற்றப்பட்டு நிலவரியோடு அரசாங்கத்தால் வசூலிக்கப்படும். இவை அதன் சாரமாகும்.

இங்கு நாம் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். தலைவர்கள் பொதுவாக மக்களுக்கு வரியைக் குறைக்கக் கோருவர். அண்ணலோ தம் மக்கள் கூடுதல் வரி கட்ட வேண்டுமென்று கேட்டார். குறைந்த தீர்வை என்னும் சலுகைக்குள் அடிமைத்தனம் ஒளிந்திருப்பதை அவர் கண்டார். சலுகையோடு வரும் நிலம் ஊழிய நிலம். தீர்வை கட்டி ஆளும் நிலம் உரிமை நிலம். நிலத்தை இழந்துவிடுவோமோ என அஞ்சிய தம் மக்களுக்கும் அவர் ஊர் ஊராகச் சென்று இதனை விளக்க வேண்டியிருந்தது.

ஊழியர் விடுபட்டால் சம்பளத்திற்கு ஆள் வைக்க வேண்டுமே என்று அரசாங்கம் தயங்கியது. மசோதா தெரிவுக் குழுவிற்குச் சென்று உருக்குலைந்தது. பயனற்றுப்போன மசோதாவை 1929இல் அண்ணல் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் கொள்கையை அவர் கைவிடவில்லை. வதன் நிலங்களின் மீது வரிச்சுமை ஏறியபோது, 1939 டிசம்பரில் அகமது நகர் மாவட்டத்து ஹரேகாவில் மாநாடு கூட்டிக் கண்டனம் முழங்கினார்.

கொங்கணத்துக் குடிவாரத்தார்

அண்ணலின் பூர்வீகப் பகுதியான கொங்கணத்தில் கோத்தி என்னும் முறை வழங்கிற்று. அரசாங்கத்திற்கும் உழுபவனுக்கும் இடையே கோத் எனப்பட்டவர் நின்று வரி வசூலித்தார். உழுபவனிடம் வாங்கியது மிகுதி. அரசாங்கத்திற்குச் செலுத்தியது குறைவு. 1937 செப்டம்பர் 17 அன்று, சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் தலைவராக அண்ணல் இம்முறையை ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். இடைத்தரகருக்கு நட்டஈடு கொடுத்து விலக்கிவிட்டு, உழுபவனை நேரே நிலத்திற்குரியவனாக்குவதே அதன் நோக்கம்.

1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் பம்பாய்ச் சட்டசபையை நோக்கி ஊர்வலமாக வந்தனர். அதில் மகர்கள் மட்டும் இல்லை. குணபி வகுப்பைச் சேர்ந்த குடிவாரத்தாரும் தோளோடு தோள் நின்றனர். பிழைப்பின் கேள்வியில் சாதி வரம்பைக் கடந்து ஏழைகளை ஒன்றுசேர்க்க முடியும் என்பதை அண்ணல் காட்டினார். அன்றைய ஆட்சியில் அம்மசோதா நிறைவேறவில்லை.

நீரும் மின்சாரமும்

1942 முதல் 1946 வரை அண்ணல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். பாசனமும் மின்சாரமும் அவர் துறையின் பொறுப்பில் அடங்கியிருந்தன. 1943இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்து வங்காளத்தில் பெருஞ்சேதம் விளைந்தது. அதுவரை வெள்ளத்தைக் கரை கட்டித் தடுப்பதே அரசாங்கத்தின் வழக்கமாக இருந்தது. அண்ணலின் துறையோ அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. ஓர் ஆற்றின் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒன்றாகக் கருதி, வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து ஆகிய நான்கையும் ஒரே திட்டத்தில் அடக்கும் புதிய கொள்கை உருவாயிற்று. 1945இல் மத்திய நீர்வழி, பாசன, கப்பற் போக்குவரத்து ஆணையம் அமைந்தது. 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டப்படி தோன்றியது.

1918இல் எழுதிய கட்டுரையை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். நிலத்தில் முடங்கிய மக்களுக்குத் தொழில் வேண்டும். தொழிலுக்கு மலிவான மின்சாரம் வேண்டும். மாணவப் பருவத்து ஆய்வு அரசாங்கத்தின் திட்டமாக மலர்ந்ததை நாம் காண்கிறோம். 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கென அவர் எழுதிய அறிக்கையில், நிலம் முழுவதும் அரசின் உடைமையாகிச் சாதி வேறுபாடின்றி ஊராரின் கூட்டுப் பண்ணைகளிடம் சாகுபடிக்கு விடப்பட வேண்டும் என்றும் கேட்டார். அது ஏற்கப்படவில்லை.

வித்தும் விளைவும்

அண்ணல் விதைத்தவற்றுள் சில தாமதமாகவே முளைத்தன. கோத்தி முறையை ஒழிக்கும் சட்டம் 1949இல் பம்பாயில் நிறைவேறிற்று. பரம்பரைக் கிராம ஊழிய வதன்களை ஒழிக்கும் சட்டம் 1958இல் வந்தது. 1956 டிசம்பர் 6 அன்று மறைந்த அண்ணல் அதனைக் கண்ணால் காணவில்லை. அவர் மசோதா கொண்டுவந்து முப்பதாண்டுகள் கழிந்திருந்தன. அச்சட்டத்தின்படி வதன் நிலங்கள் அரசுக்கு மீண்டு, குறித்த தொகையைச் செலுத்திய பழைய வதன்தாரர்க்கே மறுபடியும் வழங்கப்பட்டன. கலெக்டரின் அனுமதியின்றி அவற்றைக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது.

இதனை வாசிக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. சென்னை மாகாணத்தில் 1892ஆம் ஆண்டு முதல் நம்மவர்க்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கும் கைமாற்றக் கூடாதென்ற நிபந்தனை இருந்தது. இருந்தும் எத்தனையோ நிலங்கள் பிறர் கைக்குப் போயின. பத்திரத்தில் எழுதியிருந்ததைப் படித்துச் சொல்ல நம் வீடுகளில் அன்று ஆளில்லை என்பதும் அதற்கொரு காரணம். அரசாங்கத்தின் கொள்கைகள் மாறிக்கொண்டே இருக்கும். கடனுதவி, மானியம், தொழிற்பயிற்சி என்று திட்டங்களின் பெயர்களும் மாறும். ஒவ்வொரு திட்டமும் நம் வாயிலுக்கு வரும்போது, இது நம்மை ஊழியராக வைத்திருக்குமா, உரியவராக ஆக்குமா என்று அண்ணலைப் போல் கணக்கிட்டுக் கேட்கும் அறிவு நம்மிடம் இருத்தல் வேண்டும்.

அக்கேள்வியைக் கேட்க வல்லவர் ஊருக்கு ஒருவரேனும் நம் சங்கத்தால் உருவாவாராயின், நாம் இவ்வெள்ளி விழாவைக் கொண்டாடியது பொருளுடையதாகும்.